வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும்: விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேங்க்ஸ்டவுன், கேம்டன், மூராபின், ஆர்ச்சர்ஃபீல்ட், பாரஃபீல்ட், ஜண்டகோட் என்று ஆஸ்திரேலியாவின் ஓடுபாதைகளில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்கும் முதல் சோலோ முடிந்த சூட்டோடு உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆர்பிஎல் எனப்படும் பொழுதுபோக்கு விமானி உரிமம் போதுமா, இல்லை பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமம் வரைக்கும் போகவேண்டுமா? கேட்கும்போது பெரும்பாலும் கையில் பயிற்சிப் பள்ளியின் கட்டணத் தாள் இருக்கும். அதில் ஒரு பக்கம் 25 மணி நேரம், மறுபக்கம் 40 மணி நேரம். கழித்துப் பார்த்து, மிச்சமாகும் டாலரைக் கணக்கிட்டு, பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள்.

வகுப்புக்கு வகுப்பு நடுவில் கிடைக்கும் சில நிமிடங்களில் இதற்குச் சரியான பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். கற்றுக்கொடுப்பது என் வேலை. கற்றவர்கள் உரிமத்தோடு என்ன செய்யப்போகிறார்கள் என்பது என் கவலை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மணிக்கணக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உரிமம் கைக்கு வந்த மறு மாதம் எங்கே பறப்பீர்கள், யாரை ஏற்றிக்கொண்டு பறப்பீர்கள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஆர்பிஎல் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் இயல்பு புரியும். 2014 செப்டம்பர் 1-ஆம் தேதி விமானிகள் உரிமம் பற்றிய புதிய விதிகள் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னால் பிபிஎல்லுக்குப் போகும் வழியில் ஒரு இடைநிலைத் தேர்வு இருந்தது. அதில் தேறியவர் மாணவராகவே இருந்துகொண்டு பயிற்சிப் பகுதிக்குள் பயணிகளை ஏற்றலாம். அந்த இடைநிலைக்குத்தான் புதிய விதிகள் முழு உரிமம் என்ற தகுதியைக் கொடுத்தன. ஆகவே ஆர்பிஎல் வைத்திருப்பவர் மாணவர் அல்லர், விமானி. ஆனால் அந்தப் பயிற்சி வடிவமைக்கப்பட்டது ஊருக்குப் பக்கத்தில் பறப்பவருக்காக. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இனி அந்த மணிக்கணக்கு. ஆர்பிஎல்லுக்குக் குறைந்தது 25 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதில் 20 மணி நேரம் பயிற்றுநரோடு, 5 மணி நேரம் தனியாக. பிபிஎல்லுக்குப் பொதுவாக 40 மணி நேரம். தியரியும் பறத்தலும் ஒன்றாகப் பின்னிய முழுநேரப் பாடத்திட்டத்தில் சேர்ந்தால் 35. தனியாகப் பறப்பது 10 மணி நேரமாவது இருக்கவேண்டும், அதில் 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போகும் நெடும்பறத்தல். சோலோ போக 15 வயது, ஆர்பிஎல்லுக்கு 16, பிபிஎல்லுக்கு 17. நியூ சவுத் வேல்ஸில் காரைத் தனியாக ஓட்டுவதற்கான முதல் உரிமம் 17 வயதில்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய வருடமே ஒரு பிள்ளை விமானி ஆகிவிடலாம்.

இந்த எண்கள் எல்லாம் சட்டம் போட்ட கீழ்வரம்புகள். வாரத்துக்கு ஒரு நாள் வந்து, அதிலும் மழைக்கும் காற்றுக்கும் பாதி நாளை இழந்து பழகுகிறவர் 25-இல் தேர்வுக்குத் தயாராவது அரிது. 40-ம் அப்படித்தான். ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர் போன பாடத்தைத் திரும்பப் பழகவே ஒரு வகுப்பைச் செலவிடுகிறார். ஆகவே கட்டணத் தாளில் இருக்கும் வித்தியாசம் உங்கள் வித்தியாசம் ஆகாது. எனக்குத் தெரிந்து மிச்சம் பிடிக்க ஒரே நல்ல வழி, பணத்தை முதலில் சேர்த்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை வருவதுதான்.

சரி, ஆர்பிஎல் கையில் இருந்தால் என்ன செய்யலாம்? ஒற்றை எஞ்சின் விமானம், அதற்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சப் பறப்பெடை 1,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, பகல் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி, சொந்தத் தேவைக்காக மட்டும். இந்த எடை வரம்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நீங்கள் பழகும் செஸ்னா 172 சுமார் 1,150 கிலோ. அதன் அண்ணனான செஸ்னா 182 சுமார் 1,400 கிலோ. இரண்டும் உள்ளே வந்துவிடும். ஆறு பேர் அமரும் செஸ்னா 206 வெளியே போய்விடும். சிர்ரஸ் எஸ்ஆர்20 உள்ளே, எஸ்ஆர்22 வெளியே. வாடகைக்குக் கிடைக்கும் சிறு விமானங்களில் பெரும்பாலானவை ஆர்பிஎல்லுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

உண்மையான வேலி தூரம். எண்டோர்ஸ்மென்ட் எனப்படும் கூடுதல் ஒப்புதல் இல்லாத ஆர்பிஎல் விமானி, புறப்பட்ட நிலையத்திலிருந்து 25 கடல் மைலுக்குள் அல்லது அந்த நிலையத்துக்குரிய பயிற்சிப் பகுதிக்குள்தான் பறக்கலாம். 25 கடல் மைல் என்றால் சுமார் 46 கிலோமீட்டர். பேங்க்ஸ்டவுனிலிருந்து கோடு போட்டுப் பாருங்கள். கேம்டன் உள்ளே வரும். நீலமலைக்கு உறவினர்களை அழைத்துப்போகும் கட்டூம்பா வெளியே. வொலொங்கோங் வெளியே. மூராபினில் பழகுகிறவர்களுக்கு ஜீலாங்கும் ஃபிலிப் தீவும் வெளியே. வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது என்றும் எண்ணிவிடாதீர்கள். சிட்னி துறைமுகப் பாலம் பேங்க்ஸ்டவுனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது கட்டுப்பாட்டு வான்வெளி. அதற்குள் போகத் தனி எண்டோர்ஸ்மென்ட்டும் கட்டுப்பாட்டாளரின் அனுமதியும் வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கும் நிலையத்தில் இறங்கவும் அப்படியே ஒரு எண்டோர்ஸ்மென்ட் உண்டு. பேங்க்ஸ்டவுன் போன்ற இடத்தில் பழகினால் அது பயிற்சியோடு சேர்ந்தே வந்துவிடும். கோபுரமே இல்லாத புல்தரையில் பழகினால் வராது. எதைக் கற்றோம், உரிமத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதை உரிமம் வந்த அன்றே வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது, யாரை ஏற்றுவது என்ற கேள்வி. இதுதான் நம்மில் பலரை இந்தப் பயிற்சிக்கே அழைத்துவந்தது என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ அப்பாவும் அம்மாவும் பார்வையாளர் விசாவில் வந்து இறங்குவார்கள். அவர்கள் திரும்புவதற்குள் ஒருமுறை ஏற்றிக் காட்டிவிட வேண்டும். இந்த ஆசைக்கு ஆர்பிஎல் குறுக்கே நிற்காது. குறுக்கே நிற்பது நீங்கள் எடுக்கும் மருத்துவச் சான்றிதழ். ஆர்பிஎல்லுக்கென்றே குடும்ப மருத்துவர் தரக்கூடிய ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதை வைத்துப் பறந்தால் ஒரே ஒரு பயணிதான். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து ஏற்ற முடியாது. விமானப் போக்குவரத்து மருத்துவரிடம் போய் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் எடுத்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2018-இல் அடிப்படை இரண்டாம் வகுப்பும், 2024-இல் தன் உடல்நிலையைத் தானே அறிவித்துக்கொள்ளும் ஐந்தாம் வகுப்பும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வரம்புகள் உண்டு. எந்த உரிமம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மருத்துவச் சான்றிதழ் எனக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. நாற்பது வயதுக்கு மேல் பயிற்சியில் சேர்கிறவர்கள் பல மணி நேரப் பணத்தைச் செலவழித்துவிட்டு, சோலோவுக்குச் சற்று முன்னால் மருத்துவரிடம் போகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் மருத்துவர், பிறகு பயிற்சிக் கட்டணம். விமானம் ஓட்டுவதைத் தொழிலாக்க நினைக்கும் இளையவர்கள் முதல் வகுப்புச் சான்றிதழையே முதலில் எடுத்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை இருந்தால் அது அங்கேயே தெரியவரும். பிபிஎல் முடித்த பிறகு தெரியவருவதைவிட, பயிற்சி தொடங்குமுன் தெரியவருவது நல்லது.

பயணிகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேர் ஏற முடியாது. செஸ்னா 172-இன் புதிய மாதிரிகளில் தொட்டியை நிரப்பினால் சுமார் 200 லிட்டர். ஒரு லிட்டர் ஏவ்காஸ் 0.72 கிலோ. எரிபொருளே 144 கிலோ ஆகிவிட்டது. மீதி எடையில் பெரியவர்கள் மூன்று பேர் என்றாலே தாளில் கணக்குப் போட்டுத்தான் ஏறவேண்டும். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவும் சேர்ந்துகொள்கிறேன் என்று ஓடுபாதையோரம் நிற்கும்போது, எடைக் கணக்கைக் காட்டி மறுப்பதற்கு மனத்தில் உறுதி வேண்டும். எந்த உரிமம் வைத்திருந்தாலும் அந்தக் கணக்கு ஒன்றுதான். பயணியை ஏற்றுவதற்கு முந்தைய 90 நாட்களில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது என்பதும் அப்படியே. செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இப்போது இரண்டு உரிமங்களையும் உண்மையில் பிரிக்கும் இடத்துக்கு வருகிறேன். அது நாவிகேஷன்.

பயிற்சிப் பகுதிக்குள் பறக்கும்போது நீங்கள் கண்ணால் பறக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் நினைவால்தான் பறக்கிறீர்கள். இந்த நீர்த்தேக்கம், அந்த நெடுஞ்சாலை, இந்த ஆறு வளையும் இடம் எல்லாம் பலமுறை பார்த்தவை. திசைகாட்டியைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நாவிகேஷன் பயிற்சியின் முதல் நாளில் அந்த ஊன்றுகோல் பறிக்கப்படுகிறது. கீழே பழுப்பு நிறப் புல்வெளி, அதில் ஒரே மாதிரி நான்கு சிற்றூர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தானியக் குதிர், ஒரு ரயில்பாதை. மடியில் வரைபடம், கையில் பென்சில், காதில் வானொலி. இது கவுல்பர்னா அல்லது அதற்கு முந்தைய ஊரா? காற்று எவ்வளவு தூரம் நம்மை ஒதுக்கியிருக்கிறது? அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகினால் ஒரு பாகை என்ற எளிய கணக்கை வைத்துத் திசையைத் திருத்துகிறீர்கள். அடுத்த இடத்தை எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் அடைவோம் என்று எழுதுகிறீர்கள். அந்த நிமிடத்தில் ஊர் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பாடம்.

அதற்கும் முன்னால், வீட்டு மேசையில் ஒரு பாடம் நடந்திருக்கும். நாயிப்ஸ் தளத்தில் வானிலை அறிக்கையையும் அறிவிப்புகளையும் எடுத்துப் படிப்பது. விமான நிலையங்களின் கையேடான எர்சாவைத் திறந்து, போகும் நிலையத்தின் ஓடுபாதை நீளம், எரிபொருள் வசதி, சுற்றும் திசை எல்லாவற்றையும் குறித்துக்கொள்வது. எரிபொருளைக் கணக்கிட்டு அதற்கு மேல் அரை மணி நேர இருப்பைத் தொடாமல் வைப்பது. பகல் ஒளி மறைவதற்குக் குறைந்தது 10 நிமிடம் முன்னால் இறங்கும்படி திட்டமிடுவது. பறக்கலாமா, இன்று வேண்டாமா என்று தானே முடிவெடுக்கப் பழகுவது இந்த மேசையில்தான். பயிற்சிப் பகுதி மாணவருக்கு அந்த முடிவைப் பெரும்பாலும் பயிற்றுநர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

வானிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிறு விமானங்களில் பறக்கும் நம்மைப் போன்றவர்களைக் கொல்வதில் எஞ்சினைவிட மேகம் மோசமானது. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் செய்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 விநாடியிலேயே இழந்தார். அதிக நேரம் தாக்குப்பிடித்தவருக்கு 480 விநாடி. சராசரி 178 விநாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. பெரும்பாலானோருடைய விமானம் சாய்ந்து சுழன்று இறங்கியது. உள்காது நேராகப் போகிறோம் என்று சொல்கிறது, உடல் அதை நம்புகிறது.

பேங்க்ஸ்டவுனிலிருந்து தென்மேற்கே போகிறவர்களுக்கு மிட்டகாங், போரல் பக்கத்து மேட்டுநிலம் தெரியும். தரையே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 அடியில் இருக்கிறது. சிட்னியில் வெயில் அடிக்கும்போது அங்கே மேகம் தரையைத் தடவிக்கொண்டு நிற்கும் நாட்கள் உண்டு. போகும்போது திறந்திருந்த வழி திரும்பும்போது மூடியிருக்கும். அந்த நேரத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் வருமுன் திரும்பி வேறு நிலையத்தில் இறங்கும் பழக்கம். நாவிகேஷன் பயிற்சியில் இதை வழிமாற்றம் என்று கற்பிக்கிறோம். பாதி வழியில் பயிற்றுநர் வேறொரு நிலையத்தின் பெயரைச் சொல்வார். நீங்கள் விமானத்தையும் ஓட்டிக்கொண்டு, தொடையில் வைத்த வரைபடத்தில் கோடு போட்டு, திசையும் நேரமும் எரிபொருளும் சொல்லவேண்டும். முதல் முறை யாருக்கும் வராது. நான்காம் முறை வந்துவிடும். பிபிஎல்லுக்குக் கண்ணை மறைத்துக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் 2 மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். அந்த 2 மணி நேரம் மேகத்துக்குள் போகும் தைரியத்துக்காகக் கொடுக்கப்படுவதில்லை; தவறி நுழைந்துவிட்டால் மெதுவாகத் திரும்பி வெளியே வருவதற்காக.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆர்பிஎல்லோடு நாவிகேஷன் எண்டோர்ஸ்மென்ட்டையும் எடுத்துவிட்டால் போதுமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குத் தனியாக 5 மணி நேர நெடும்பறத்தல் வேண்டும், அதில் ஒன்று 100 கடல் மைலாவது இருக்கவேண்டும். கருவிப் பயிற்சியும் அதே 2 மணி நேரம். எடுத்துவிட்டால் 25 கடல் மைல் வேலி விழுந்துவிடும். பகலில் பறந்து பறந்து இந்தக் கண்டத்தையே கடக்கலாம். பிபிஎல்லுக்கு அந்த நெடும்பறத்தல் 150 கடல் மைல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும்.

அவ்வளவு தூரம் வந்தவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அங்கே நின்றுவிடாதீர்கள், பிபிஎல்லை முடித்துவிடுங்கள். காரணங்களில் எனக்கு முக்கியமானது ஒன்று. நாவிகேஷன் எண்டோர்ஸ்மென்ட்டைப் பள்ளியே மதிப்பிட்டுக் கொடுத்துவிடும். பிபிஎல்லுக்கு உங்களை அறியாத ஒரு தேர்வாளர் பக்கத்தில் வந்து உட்காருவார். உங்கள் பயிற்றுநர் உங்களுடைய பலவீனங்களுக்குப் பழகிப்போயிருப்பார்; நானும் என் மாணவர்களிடம் அப்படித்தான். தியரித் தேர்வில் 70 சதவீதம் எடுத்துத் தேறினாலும், தவறவிட்ட கேள்விகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று ஒரு தாள் வரும். தேர்வாளர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே பகுதிகளிலிருந்து கேட்பார். தெரியாததைத் தெரியாமலே விட்டுவிட முடியாது. இந்தக் கண்டிப்பு ஆளை மாற்றுகிறது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மாணவர்கள் கற்கும் அளவுக்கு வேறு எப்போதும் கற்பதில்லை.

மற்ற காரணங்கள் சீக்கிரம் சொல்லக்கூடியவை. இரவில் பறக்கும் ரேட்டிங், மேகத்தினூடே பறக்கும் கருவி ரேட்டிங் இவற்றுக்கு அடித்தளம் பிபிஎல். இரட்டை எஞ்சினும் அப்படியே. ஆர்பிஎல் ஆஸ்திரேலியாவுக்குள் மட்டும் செல்லும். பிபிஎல் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்துக்கு ஒத்தது. நாளைக்கே வேலை உங்களை அமெரிக்காவுக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுபோனால், அந்தந்த நாட்டு விதிப்படி அங்கீகாரம் கேட்க அதுதான் கையில் இருக்கவேண்டும். வேலை நிமித்தமாக நாடு மாறுவது நமக்குப் புதிதில்லை, ஆகவே இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ரெக்ரியேஷனல் ஏவியேஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு தரும் ரெக்ரியேஷனல் பைலட் சர்டிஃபிகேட் வேறு, ஆர்பிஎல் வேறு. முன்னது பெரும்பாலும் 600 கிலோவுக்கு உட்பட்ட, இரண்டு பேர் அமரும் மெல்லிய விமானங்களுக்கு. பண்டபெர்க்கில் தயாராகும் ஜபிரு விமானத்தில் பழகுகிறவர்களில் பலர் இந்த வழியில் வருகிறார்கள். குறைந்தது 20 மணி நேரம், செலவும் குறைவு, பயிற்சியில் குறையில்லை. அதை வைத்திருப்பவர் பிறகு ஆர்பிஎல்லுக்கு வரலாம். தியரியிலும் பறத்தலிலும் தேறியவராகவே சட்டம் அவரை ஏற்றுக்கொள்ளும். மருத்துவச் சான்றிதழும், பறந்து காட்டித் தேறும் ஃப்ளைட் ரிவியூ ஒன்றும் வேண்டும். இரண்டு இருக்கையில் மனைவியோடோ மகளோடோ சனிக்கிழமை காலையில் பறந்தால் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ஆர்பிஎல்லோடு நிற்க வேண்டியவர் யார்? இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன். நம் வீடுகளில் விமானப் பயிற்சி என்றாலே ஏர்லைன்ஸ் என்று அர்த்தம். மகன் சோலோ போனான் என்று சொன்னால், எப்போது கேப்டன் ஆவான் என்று கேட்பார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் பயிற்சியில் சேர்ந்தால், இதனால் என்ன வருமானம் என்று கேட்பார்கள். வருமானம் இல்லாத ஒன்றை ஒரு பெரியவர் ஒழுங்காகக் கற்பது நமக்கு இன்னும் வழக்கமாகவில்லை. அந்தக் கேள்விகளின் வெட்கத்தில் ஆர்பிஎல் அரை உரிமமாகவும் பிபிஎல் முழு உரிமமாகவும் ஆகிவிடுகின்றன. காலைக் காற்று அசையாமல் இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் பறந்து, நான்கைந்து முறை அழகாக இறங்கி, விமானத்தைத் துடைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என் கண்ணுக்கு நிறைவான விமானி. அவருக்கு 150 கடல் மைல் தேவையில்லை. ஓய்வு பெற்றவர்கள், இரண்டாம் வகுப்பு மருத்துவத்துக்கு உடல் இடம் தராதவர்கள், பிள்ளைகள் சிறியவர்களாக இருப்பதால் ஒரு முழு நாளை ஒதுக்க முடியாதவர்கள் எல்லோரும் தலைநிமிர்ந்து ஆர்பிஎல் எடுக்கலாம்.

நான் தடுக்க விரும்புவது வேறொருவரை. அவர் ஆர்பிஎல் எடுப்பார், ஆனால் மனம் வட்டத்துக்கு வெளியே கவுல்பர்னிலும் பாதர்ஸ்டிலும் இருக்கும். ஐபேடில் நகரும் விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம் என்று நினைப்பார். ஒருநாள் வட்டத்தைச் சற்றே தாண்டுவார், ஒன்றும் ஆகாது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அவருக்குத் தேவைப்பட்டது பிபிஎல். கட்டணத் தாளின் சிறிய எண் அவரை வேறு பக்கம் இழுத்துவிட்டது. தூரம் போகும் ஆசை உங்களுக்குள் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். இருந்தால் முதல் நாளிலிருந்தே பிபிஎல் என்று பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். போகும் வழியில் ஆர்பிஎல் தேர்வை முடித்துக்கொள்ளுங்கள். அதில் பறந்த ஒவ்வொரு மணி நேரமும் பிபிஎல் கணக்கில் சேரும். பாதி வழியில் பணமோ நேரமோ தட்டுப்பாடானால் கையில் ஒரு உரிமமாவது இருக்கும். பெற்றோரை ஏற்றிக் காட்டவும் அதற்குள் முடிந்துவிடும்.

வணிக விமானி உரிமத்துக்கான முழுநேரப் படிப்பில் இருக்கும் இளையவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. பள்ளியின் பாடத்திட்டமே வரிசையை முடிவு செய்துவிடும். ஆனாலும் பிபிஎல் பறத்தல் தேர்வை வைக்கும் பள்ளி என்றால் அதைத் தவிர்க்க முயலாதீர்கள். பின்னால் வரும் பெரிய தேர்வுக்கு முன் ஒரு தேர்வாளரோடு பறந்த அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது.

வானொலியைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனமில்லை. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சரளமாக வாதிடுகிறவர்கள்கூடக் கோபுரத்தின் ஒரே மூச்சில் வரும் அறிவுறுத்தலைக் கேட்டு உறைந்துபோகிறார்கள். ஆங்கிலம் போதாமல் வரும் தடுமாற்றம் இல்லை இது. எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று காதுக்குப் பழகவில்லை. உங்கள் நிலையத்தின் அலைவரிசையை விமானத்துக்கு வெளியே எங்கே கேட்கமுடியுமோ அங்கே கேளுங்கள். காரை ஓட்டும்போது கோபுரத்துக்குச் சொல்லவேண்டியதைத் தமிழ் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். புரியாவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கட்டுப்பாட்டாளர் அதற்காகக் கோபிக்க மாட்டார். புரியாமல் சரி என்று சொல்வதுதான் அவரை அச்சுறுத்தும். நாவிகேஷனில் ஒரே பறத்தலில் பல அலைவரிசைகள் மாறும். ஆகவே பிபிஎல் பக்கம் போகிறவர்கள் இதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஆர்பிஎல் எடுத்துவிட்டு, வேலை, வீடு, குழந்தை என்று ஆகி, பல மாதமாக விமானத்தைத் தொடாத நண்பர்களுக்கு. உரிமத்துக்குக் காலாவதி இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு ஃப்ளைட் ரிவியூ கட்டாயம். அதை ஒரு சடங்காக முடித்துவிடாமல், நாவிகேஷன் பயிற்சியின் முதல் பறத்தலாகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் பள்ளியில் கேளுங்கள். போகும்போது லாக் புத்தகத்தையும், மருத்துவச் சான்றிதழின் தேதியையும், பழையதாகிப்போயிருக்கும் வரைபடத்துக்குப் பதில் புதியதையும் எடுத்துச் செல்லுங்கள். மேற்கு சிட்னியில் புதிய விமான நிலையத்துக்காக வான்வெளிக் கோடுகளே மாறுகின்றன, ஆகவே பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். அந்த நிலையத்துக்கு நான்சி பேர்ட் வால்டன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். புகழ்பெற்ற விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்திடம் பறக்கக் கற்று, 19 வயதில் வணிக உரிமம் எடுத்தவர் அவர். உங்கள் மகள்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள். பதினைந்து வயதில் சோலோ போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் பலருக்கு வலது இருக்கையில் அமர்ந்த ஒரு பயிற்றுநர்